நாகர் தலைவன் கேட்ட கேள்வி: ஆதிரை காதையும் இமிகிரேஷன் வாசலும்

மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலாளர் கடைக்கு வந்தபோது, "மணிமேகலையில நம்ம தீவு வருதாமே, அதை எழுதுங்க நைனார்" என்றார். நான் வணிகன், புலவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1982இல் ஹர்ஷவர்த்தனா கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன். அபர்டீன் பஜாரில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் படித்ததுதான் என் படிப்பு. பிழையிருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள்க.

மணிமேகலையின் 16ஆவது காதை, ஆதிரை பிச்சையிட்ட காதை. நம் பட்டிமன்றங்களில் அதை ஆதிரையின் கற்புக்காகப் பேசுவார்கள். கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீப்புகுந்தவளைத் தீ சுடவில்லை, அது பெரிதுதான். ஆனால் அந்தக் காதையின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ஓர் அந்நியன் தன்னுடையதல்லாத கரையில் நின்று, "நீ யார், ஏன் வந்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் அது. முன்பு பலமுறை படித்தும் எனக்கு இது படவில்லை. அதே கேள்விக்கு நானே பதில் சொல்ல நேர்ந்த பிறகுதான் பட்டது.

கதை

சாதுவன் புகார் நகரத்து வணிகன். கணிகை வீட்டிலும் சூதிலும் பொருளைத் தொலைத்துவிட்டு, மறுபடி சம்பாதிக்கக் கப்பலேறினான். புயலில் கப்பல் உடைந்தது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றி நக்கசாரணர் என்னும் ஆடையில்லா நாகர் வாழும் மலைப்பக்கம் கரையேறி, ஒரு மரத்தடியில் தூங்கிப்போனான். நாகர் வந்து, நல்ல உணவு கிடைத்தது என்று எழுப்பினார்கள். அவனோ அவர்கள் மொழியைக் கற்றவன், அதிலேயே பேசினான். அவர்கள் வியந்து விலகி, "எங்கள் தலைவனிடம் வா" என்று அழைத்துப் போனார்கள்.

கள்ளும் புலால் நாற்றமும் காய்ந்த எலும்புமாய் இருக்கும் இடத்தில் தலைவன் தன் துணையோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் சாதுவனை முதலில் மர நிழலில் இருக்கச் செய்தான். அதற்குப் பிறகுதான் வந்த காரணம் கேட்டான். கடலில் பட்ட துயரத்தைச் சாதுவன் சொன்னதும் இரங்கி, பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். "இவற்றைவிட உலகில் வேறென்ன பயன் உண்டு? இருந்தால் காட்டு" என்றான் தலைவன். அதன்பின் வினாவும் விடையுமாக உயிர், உடல், நல்வினை, தீவினை எல்லாம் பேசப்படுகின்றன. முடிவில் தலைவன் காலில் விழுந்து, எங்களால் இயன்ற அறம் எது என்று கேட்கிறான். சாதுவன் சொல்கிறான்: இனிமேல் கப்பல் உடைந்து இங்கே உயிர்தப்பி வருகிறவர்களைக் கொல்லாமல் காப்பாற்றுங்கள், முதுமையால் தானே செத்த விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதீர்கள்.

தலைவன் ஏற்றுக்கொண்டு பொருளும் கொடுத்தான். சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் சாதுவன் ஊர் திரும்பினான்.

எனக்கு நேர்ந்தது

சில வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்காக ஒரு வெளிநாட்டுக்குப் போனேன். விசிட்டர் விசா முறையாக வாங்கியது. திரும்பி வர டிக்கெட், மருமகன் எழுதிக் கொடுத்த கடிதம், எல்லாம் கையில் உண்டு. வாசலில் இருந்த அதிகாரி இளைஞர். எத்தனை நாள் என்றார். "ஒரு மாசம், ரெண்டு மாசமும் ஆகலாம்" என்றேன். டிக்கெட்டில் இருந்ததோ 28 நாள். என்ன செய்யப் போகிறீர்கள் என்றார். 40 வருட வியாபாரி என்ற பெருமை என்னைச் சும்மா விடவில்லை. "மருமகன் கடையில் கணக்கு வழக்கு பார்த்துக் கொடுப்பேன்" என்று சொல்லிட்டேன். அவர் முகம் மாறியது. பார்க்க வந்தவன் கூலி வாங்காமல் செய்தாலும் அதை வேலை என்று எண்ண இடமுண்டு என்பது எனக்குத் தெரியாது. ஒரு பக்க அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மகள் காத்திருக்கிறாள். போன் செய்யவும் விடவில்லை. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அதைவிட, இந்த வயதில் கள்ளனைப் போல உட்கார வைத்துவிட்டார்களே என்ற அவமானம். பிறகு வயதான ஓர் அம்மையார் வந்தார், அவரும் அதிகாரிதான். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலில் ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார். பொழுது சாய்ந்துவிட்டது; எங்கள் வழக்கப்படி அதற்குமேல் உண்பதில்லை. வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. மருமகன் கடிதத்தை அவர் விரித்தபோதுதான், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும் என்று உறைத்தது. என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் இந்த முறை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். 28 நாளுக்கு முத்திரை விழுந்தது.

விசா என்பது எது வரை?

அன்று நான் கற்றது இது. செல்லுபடியாகும் விசா பொதுவாக வாசல்வரை வரும் அனுமதி. உள்ளே விடுவதும், எத்தனை நாள் என்பதும் பெரும்பாலான நாடுகளில் வாசலில் நிற்கும் அதிகாரியின் தீர்ப்பு. நம் நாட்டிலும் அப்படித்தான். 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் உள்ளிட்ட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025இல் வந்த குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டமும், நுழைவு பற்றிய இறுதி முடிவை இமிகிரேஷன் அதிகாரி கையில்தான் கொடுத்திருக்கிறது. அப்படியானால் நல்ல அதிகாரி யார், நல்ல விருந்தாளி யார் என்பதே கேள்வி. இதற்குச் சாத்தனார் எழுதிய உரையாடலைவிடத் தெளிவான விடையை நான் வேறெங்கும் படிக்கவில்லை. தலைவன் நிழல் கொடுத்துவிட்டுக் கேட்டான். சாதுவன் அவர்கள் மொழியில், நடந்ததை நடந்தபடி சொன்னான். வேண்டாததை மறுத்தான், மறுத்ததற்குக் காரணமும் சொன்னான்.

இன்னொரு 16ஆவது காதை

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். சிலப்பதிகாரத்தின் 16ஆவது காதை கொலைக்களக் காதை. அங்கேயும் புகார் வணிகன் ஒருவன் அந்நிய ஊரில் நிற்கிறான். கோவலன் கையில் இருந்த சிலம்பு அவன் மனைவியுடையது. முழுக்க முழுக்கச் செல்லுபடியான பொருள். ஆனால் கேட்பவர் இல்லை. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று பாண்டியன் விசாரிக்காமலே சொல்லிவிட்டான். காவலர் சிலருக்கு, இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று பட்டது. உடனே பொற்கொல்லன் கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று எட்டுத் துணைகள் உண்டு என விரிவுரை செய்தான். அதாவது, இவனைப் பார்க்காதே, கள்வன் எப்படி இருப்பான் என்ற பட்டியலைப் பார் என்றான். கடைசியில் கல்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிட்டான்.

நாகரிகம் மிக்க மதுரையில் கேள்வி இல்லை; ஆடையில்லாத நாகர் மலையில் கேள்வி இருந்தது. ஒருவன் மாண்டான், ஒருவன் மீண்டான். இரண்டும் 16ஆவதாக அமைந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறவனுக்கு, கோவலனுக்குக் கிடைக்காத விசாரணை சாதுவனுக்குக் கிடைத்தது என்று தோன்றாமல் போகாது. பக்க அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பெரிய பயம் கேள்விகளிடம் இல்லை. கேட்காமலே முடிவு செய்துவிடுவார்களோ என்பதுதான்.

சாத்தனாரிடம் என் குறைகள்

புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் அது விமரிசனம் ஆகாது. மூன்று குறைகள் சொல்வேன்.

முதலாவது, தலைவன் கொடுத்த பொருள். சந்தனமும் துகிலும் நிதியும் முன்பு கரையொதுங்கி உயிரிழந்தவர்களுடையவை. சாதுவன் அதை வாங்கிக்கொண்டு வந்தான். தானம் பல செய்தான் என்று காப்பியம் சொல்கிறது. உரியவர் வீட்டாரைத் தேடினானா என்று சாத்தனார் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வணிகனான எனக்கு இது நெருடுகிறது.

இரண்டாவது, தானே செத்த விலங்கை உண்ணலாம் என்னும் சலுகை. சமண அறம் இதற்கு இடம் தராது. காப்பியம் பௌத்த நூல். அதன் வழி வேறு. வெகுநாள் இந்த இடத்தில் எனக்குக் கோபம் வரும். இப்போது சற்றுத் தணிந்திருக்கிறது. முழு அறத்தையும் சுமத்தாமல், எதிரில் இருப்பவனால் எவ்வளவு முடியும் என்று பார்த்து அளந்து கொடுத்தான். என் நோன்பை அந்த அம்மையார் மதித்தது போல, அவர்கள் நிலையை அவன் மதித்தான். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் புரிகிறது.

மூன்றாவதுதான் பெரிய குறை. கரையில் இருப்பவரைக் கரடிக்கு ஒப்பாகவும், மனிதரைத் தின்பவராகவும் காட்டியது. வந்து போகிறவன் எழுதும் கதையில் இருப்பவன் எப்போதும் இப்படித்தான் ஆகிறான். மார்க்கோ போலோவும் அந்தமான் மக்களுக்கு நாய்த்தலை வைத்தார். நக்கசாரணர் மலையை நிக்கோபாரோடு சிலர் பொருத்திப் பார்ப்பதுண்டு. முதலாம் இராசேந்திரன் வென்றவற்றில் மாநக்கவாரம் ஒன்று எனக் கல்வெட்டு சொல்வதால், நிக்கோபாருக்கு அந்தப் பெயர் வழங்கியது சரியே. ஆனால் பெயர் ஒத்திருப்பதை வைத்து நரமாமிசத்தையும் நிக்கோபாரி மக்கள் தலையில் ஏற்றக் கூடாது. பல வருடம் அவர்களோடு தேங்காய், கொப்பரை வாணிபம் செய்தவன் சொல்கிறேன். "நம்ம தீவு மணிமேகலையில் வருகிறது" என்று பெருமைப்படும்போது இதையும் நினைக்க வேண்டும்.

நாமும் ஒரு வாசல்

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024இல் பெயர் மாறிய நம் போர்ட் பிளேரில் வாழும் நமக்கு இது ஏட்டுக் கதை அல்ல. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் கீழ், கார் நிக்கோபாருக்குப் போக இந்தியக் குடிமக்களான நமக்கே பாஸ் வேண்டும். 2018இல் பல தீவுகளுக்கு வெளிநாட்டாருக்கான தனி அனுமதிச் சீட்டுக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. அந்தப் பட்டியலில் வட சென்டினல் பெயரும் இருந்தது. ஆனால் 1956 ஒழுங்குமுறை அப்படியே நின்றது. அதே 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற அமெரிக்க இளைஞர், சுற்றுலா விசாவில் வந்து, மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அங்கே போய், மதம் சொல்ல முயன்று உயிரிழந்தார். விசா செல்லும், அந்தக் கரைக்கு அது செல்லாது.

சாதுவனும் அறம் சொன்னானே என்று கேட்கலாம். சொன்னான், ஆனால் புயல் தள்ளி வந்தவன் அவன். மொழி அறிந்தவன். "காட்டு" என்று தலைவன் கேட்ட பிறகு வாய் திறந்தவன். கப்பல் வந்ததும் கிளம்பியவன். இந்த நான்கும் சாவிடம் இல்லை. அம்பு எய்து வேண்டாம் என்று சொன்னவர்கள் கொடியவர்கள் அல்லர். நோய் கொண்டு வரக்கூடிய விருந்தாளியை மறுக்க அவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த இடம். உயிர் பிழைத்த சாதுவன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. இனி வரப்போகிறவனைக் காப்பாற்று என்றான். யாரென்றே தெரியாத அடுத்த பயணிக்காக அவன் ஒரு சட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். நானோ முத்திரை விழுந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினேன். அந்த அறையில் இன்னும் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பாட்டி அழுதுகொண்டிருந்தாள். அவளிடம், "பயப்படாதீங்கம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கடனுக்காகத்தான் இதை எழுதினேன். பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் நம் வீட்டுப் பெரியவர்கள் பயணத்துக்கு முன் ஆதிரை காதையை ஒருமுறை படித்துவிட்டுப் போகட்டும். நம் தீவுக்கு யாராவது புதிதாக வந்தால், முதலில் நிழலில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம் கேள்வி கேட்போம்.