யார் வேலைக்குப் பக்கத்தில் வீடு?

மே மாதக் கடைசியில் சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தில், சேலையூர் கேம்ப் ரோட்டிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ ஒரு காலை நின்று பார்த்தால் போதும். டாடா ஏஸ் வண்டிகளிலிருந்து பீரோ, கிரைண்டர், சுருட்டிக் கட்டிய மெத்தை, ஊர் ஜவுளிக்கடைப் பெயர் போட்ட பைகள், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய குழந்தை சைக்கிள் என்று இறங்கிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடியேறிவிட வேண்டும் என்ற அவசரம். வேலைக்காகச் சின்னக் குழந்தைகளோடு குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு வருவதில் தவறில்லை என்றே நினைக்கிறேன். வருவதற்கு முன்னால் போடுகிற கணக்குதான் அரைகுறையாக இருக்கிறது.

ஏன் தாம்பரம் என்று கேட்டால் வாடகை குறைவு என்பார்கள். அது பாதிக் காரணம்தான். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதலே இது பட்டணத்துக்குள் போய் வேலை பார்த்துத் திரும்புகிறவர்களின் ஊர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியே 1937இல், தன் நூறாவது வயதில், ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்ததுதான். 2021 நவம்பரில் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எல்லாவற்றையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, பெயர்ப்பலகை மாறியதே தவிர ஊரின் குணம் மாறவில்லை.

இன்னொரு பாதி, தெற்கிலிருந்து வரும் ரயில்கள். பாண்டியன், பொதிகை, நெல்லை, கன்னியாகுமரி என்று இரவில் புறப்படும் வண்டிகளெல்லாம் எழும்பூர் போய்ச் சேருமுன் தாம்பரத்தில் நிற்கின்றன. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ராமேஸ்வரத்துக்கு விட்ட புது வண்டியும் தாம்பரத்திலிருந்துதான். 2023 டிசம்பர் முடிவில் தாம்பரத்துக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபோது கோயம்பேட்டுப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் புலம்பினார்கள். கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கோ ஊர்ப் பேருந்து வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி ஆனது. பேரனுக்குக் காய்ச்சல் என்று சாயங்காலம் போன் வந்தால், மதுரையிலிருக்கும் அப்பத்தா அன்றிரவே வண்டியேறி, விடியும் நேரத்தில் தாம்பரத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிடலாம். சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு இதன் மதிப்பு என்ன என்பது பெங்களூருக்கோ புனேக்கோ போனவர்களைக் கேட்டால் தெரியும். அம்மா மூன்று மாதம், மாமியார் மூன்று மாதம் என்று முறை வைத்துப் பிள்ளை வளர்க்கும் வீடுகள் இங்கே தெருவுக்கு நாலு உண்டு. தாம்பரத்தின் ஆகப்பெரிய பலம் இந்த இரவு ரயில்தான் என்பேன்.

ஆனால் தண்டவாளம் வடக்கு தெற்காக ஓடுகிறது. வேலை கிண்டியிலோ, விமான நிலையத்திலோ, 1984இல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்திலோ, இந்தப் பக்கம் மறைமலைநகர், மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ என்றால் தாம்பரம் கொடுத்து வைத்த இடம். 2000இல் டைடல் பார்க் திறந்ததிலிருந்து கணினி வேலையோ பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையோரம் சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று கிழக்கே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டுக்கும் நடுவே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். அதைச் சுற்றிக்கொண்டு மேடவாக்கம் வழியாகவோ, தெற்கே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலோதான் போக வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் பக்கம். மேடவாக்கம் சந்திப்பில் காலை எட்டரைக்கு நின்றால் தெரியும் தூரம். இப்போது வேலை நடக்கும் மெட்ரோவின் இரண்டாம் கட்டம், மூன்று தடங்களும் சேர்ந்து சுமார் 119 கிலோமீட்டர். அதில் ஒரு தடம்கூடத் தாம்பரத்தைத் தொடவில்லை.

இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. சம்பளம் எவ்வளவு கூடும், வாடகை எவ்வளவு போகும் என்று இரண்டு எண்களை வைத்தே முடிவு எடுக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: திருச்சியில் ஒருவருக்கு 40,000, தனியார் பள்ளி ஆசிரியையான அவர் மனைவிக்கு 18,000, மாமனார் வீட்டு மாடியில் குடியிருப்பு. இங்கே அவருக்கு 70,000. ‘முப்பதாயிரம் கூடுதே!’ என்கிறது சொந்தபந்தம். மனைவியின் 18,000 போய், வாடகை 15,000 சேர்ந்தால் கையில் நிற்பது 55,000. ஊரில் இருவருக்கும் சேர்த்து 58,000 வந்துகொண்டிருந்தது. பள்ளி வேன், கேன் தண்ணீர், மாதத்துக்கு ஒருமுறை ஊர்ப் பயணம் எதையும் இன்னும் கழிக்கவில்லை. அவருடைய சம்பளம் வருடா வருடம் ஏறும், அது உண்மை. மூன்று வருடம் வேலையை விட்ட ஆசிரியை மறுபடி சேரும்போது ஆரம்பச் சம்பளத்தில்தான் சேர வேண்டும் என்பதும் உண்மை.

அதனால் வீடு பார்க்கிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பிற்பகல் மூன்றரைக்குப் பள்ளி வாசலில் யார் நிற்கப்போகிறார்கள் என்பது. அப்படி நிற்பவரின் வேலைக்குப் பக்கத்தில்தான் வீடு இருக்க வேண்டும். அநேகமாக அந்த ஆள் அம்மாவாகத்தான் இருக்கும். அது சரியா என்பது வேறு சண்டை. இந்த அளவுகோலை வைத்தால் தாம்பரம் வேறு மாதிரித் தெரியும். கணவருக்குச் சிறுசேரி என்றாலும், மனைவிக்கு வேலை கிடைக்கக்கூடிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் மெப்ஸ் நிறுவனங்களும் இங்கே நடக்கிற தூரத்தில், மிஞ்சினால் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தூரத்தில் இருக்கின்றன. கம்பெனிப் பேருந்தில் தூங்கிக்கொண்டே அவர் போய்வரட்டும். இதற்கும் விலை உண்டு: வாரம் ஐந்து நாள் அப்பாவைத் தூக்கக் கலக்கத்தில் மட்டுமே பார்க்கும் குழந்தை. ஆனாலும் மனைவியின் வருமானத்தையும் வெளியுலகத்தையும் அடியோடு இழப்பதைவிட இது தேவலை என்பது என் கட்சி. இருவருக்குமே சோழிங்கநல்லூர்ப் பக்கம்தான் வேலை என்றால், வாடகை குறைகிறது என்பதற்காகத் தாம்பரத்துக்கு வருவது வீண்.

குழந்தையை வேலையிடத்துக்கே கூட்டிப்போகலாமே என்பார்கள்: 2017இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. நல்ல சட்டம். ஆனால் சேலையூரிலிருந்து சிறுசேரிக்கு ஒரு வயதுக் குழந்தையைத் தினமும் தூக்கிக்கொண்டு போய்வர யாரால் முடியும்?

இனி வீடு பார்க்கும் படலம். டூ-லெட் போர்டைப் பார்த்து மணியடித்தால் உள்ளேயிருந்து கேள்வி வரும்.

“எத்தனை பேரு?”

“நாங்க ரெண்டு பேரு, ஒரு குழந்தை சார்.”

“சொந்த ஊரு?”

“தேவகோட்டை.”

“தேவகோட்டையில எந்தப் பக்கம்?”

கடைசிக் கேள்வி ஊரைப் பற்றியது இல்லை என்று இருவருக்குமே தெரியும். சிலருக்கு வாசல் திறக்கும், சிலருக்கு ‘சொந்தக்காரங்க வர்றாங்க’ என்று மூடும். குடிபெயர்வதன் நன்மை தீமைகளை அடுக்குகிறவர்கள் இதை எழுதுவதே இல்லை. ஊரைவிட்டு வந்தால் சாதியையும் விட்டு வந்துவிடலாம் என்று நம்பி வந்தவர்களுக்கு முதல் அடி இங்கேதான் விழுகிறது.

அட்வான்ஸ் அடுத்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் மட்டும் கூடலாம். அவசரத்தில் வருகிற குடும்பம் எதற்கும் ஒப்புக்கொள்ளும், ஆகவே ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பது நிற்கவில்லை. வாடகை மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்றும் விசாரிக்க வேண்டும். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகு விட்டார்கள். புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் ‘அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு’ என்று கேட்டால் சுவரில் கையை வைத்தே காட்டுவார்.

பள்ளி விஷயத்திலும் மே மாதக் கடைசி என்பது கெட்ட நேரம். பெயருள்ள தனியார் பள்ளிகளில் எல்கேஜி இடங்கள் பொங்கலையொட்டியே நிரம்பத் தொடங்கிவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்துக்கு வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், இருப்பிடச் சான்று வேண்டும். ஆதாரும் ரேஷன் கார்டும் ஊர் விலாசத்தில் இருக்கும் குடும்பம் அதை மாற்றி முடிப்பதற்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். ‘முதல்ல அவர் போகட்டும், நாங்க பின்னால வர்றோம்’ என்று பெரியவர்கள் சொன்ன பழைய வழியில் அர்த்தம் இருப்பது இதனால்தான். ஒருவர் முன்னால் வந்து, மேன்ஷனிலோ பிஜியிலோ தங்கி, ஐப்பசி மழையையும் பார்த்து, தை மாதம் பள்ளியையும் வீட்டையும் சேர்த்து முடிவு செய்யலாம். அதையே இரண்டு மூன்று வருடம் இழுத்தால் பிள்ளைக்கு அப்பா விருந்தாளி ஆகிவிடுவார். ஒரு கல்வியாண்டுக்கு மேல் கூடாது.

வந்த சூட்டில் வீடு வாங்குவதையும் நான் ஏற்கமாட்டேன். இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. அடுத்த ஆண்டே மறைமலைநகர் ஆலை நின்றுபோனது. அந்த வேலையை நம்பி இருபது வருட வீட்டுக் கடனில் இறங்கியிருந்தவர்களுக்கு வேலையும் போனது, வேறு ஊருக்கு நகரும் சௌகரியமும் போனது. வாடகைக்கு இருப்பவருக்கோ பதினொரு மாத ஒப்பந்தத்தோடு பந்தம் முடிந்துவிடும்.

குடும்பம் வேலையைத் தேடி வருவதற்குப் பதில் வேலை ஊருக்கு வரட்டுமே என்பது நெடுநாள் பேச்சு. சோஹோ 2011இலேயே தென்காசிப் பக்கம் போனது. மினி டைடல் பூங்காக்கள் 2024இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி என்று வரிசையாகத் திறந்தன. வரவேற்கிறேன். அங்கேயும் அதே அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். தஞ்சாவூரில் ஒருவருக்குக் கணினி வேலை கிடைக்கும். அவர் மனைவி கணக்காளராகவோ ஆய்வக நுட்பராகவோ இருந்தால் அங்கே என்ன சம்பளம் தருவார்கள்? அந்தச் சம்பளம் இங்கே கிடைப்பதில் பாதிதான் என்றால், அப்பத்தா பக்கத்துத் தெருவிலேயே இருந்தாலும், அந்தக் குடும்பம் மறுபடி தாம்பரத்துக்கு வண்டியேறத்தான் பார்க்கும்.