சோடியத்தின் பின்னாலேயே போங்கள்

"ஆற்றலைச் செலவிட்டு, செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குப் பொருள்களைக் கடத்துதல்." செயல்மிகு கடத்தலை இப்படி இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு விலகியவர்களே அதிகம். டி.என்.ஏ. என்றால் மேடை போட்டுப் பேசுகிறார்கள். செல் சவ்வு என்றால் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது!

அடிப்படையைச் சட்டென்று முடிப்போம். சவ்வு கொழுப்பாலானது. மின்னூட்டமுள்ள அயனிகளுக்கு அதில் பதிந்த புரதங்களே வாசல். செறிவு குறைந்த பக்கம் இறங்கினால் செலவில்லை, ஏறினால் செலவு.

1957இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் யென்ஸ் ஸ்கௌ நண்டின் கால் நரம்புகளை ஆராய்ந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைச் சிதைக்கும் ஒரு நொதி சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருந்தால்தான் வேகம் பிடிக்கிறது என்று கண்டார். அதுதான் சோடியம்–பொட்டாசியம் பம்ப். ஓர் ஏடிபிக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. நோபல் பரிசு 1997இல்தான் வந்தது.

இனிமேல்தான் ருசியே. ஏடிபியை நேரடியாகச் செலவழிக்கும் முதல்நிலைக் கடத்தல், மறைமுகமாகச் செலவழிக்கும் இரண்டாம்நிலைக் கடத்தல் என்ற பிரிவைப் பல கைடுகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. அநியாயம்! குடல் செல்லுக்குள் குளுக்கோஸை ஏற்றும் புரதம் ஏடிபியைத் தொடுவதே இல்லை. 2 சோடியம் உள்ளே இறங்கும் வேகத்தில் ஒரு குளுக்கோஸ் ஏறிவிடுகிறது. கமலைக் கிணற்றில் மாடு சரிவில் இறங்கும்போதுதானே சால் மேலே வரும்? சோடியம்தான் அந்த மாடு. அதைத் திரும்ப மேட்டுக்கு ஓட்டுவது, செல்லின் மறுபக்கத்தில் ஏடிபியைச் செலவழிக்கும் பம்ப். செலவு ஓரிடத்தில், வேலை வேறிடத்தில். ராபர்ட் கிரேன் இதை 1960இல் பிராகில் முன்வைத்தார். இந்த இடைவெளியை ரசிக்காதவர் செயல்மிகு கடத்தலை ரசிக்கவில்லை என்றே சொல்வேன்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சர்க்கரை ருசிக்காகவும் தெம்புக்காகவும் சேர்க்கப்படுகிறது என்பவர்கள் மேலோட்டமாகப் பேசுகிறார்கள். காலரா நச்சு குடலிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டவைக்கிறது. ஆனால் இந்தச் சோடியம்–குளுக்கோஸ் வாசலை அது கெடுப்பதில்லை. குளுக்கோஸோடு சோடியம் நுழைய, நீரும் பின்தொடர்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில் திலீப் மகாலனாபிஸ் இதை நம்பித்தான் உப்பு–சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து உயிர்களைக் காத்தார்.

அனிமேஷன் வீடியோக்களில் மயங்காதீர்கள். பலவற்றில் வண்ண உருண்டைகள் திறந்த வாசலில் ஓடுகின்றன. பம்ப் இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை; திறந்தால் ஏற்றிய சோடியமெல்லாம் திரும்பி ஓடிவிடும்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், சோடியம் பிடிபட்டதும் ஈ. கோலை பாக்டீரியாவிடம் போங்கள். அது லாக்டோஸை இழுப்பதும் இதே வித்தையில்தான். சரிவில் இறங்குவது மட்டும் ஹைட்ரஜன் அயனி. எனக்கு அதுதான் இன்னும் பிடிக்கும்.