சங்க இலக்கிய வகுப்பறையும் இணைய வளத் தேர்வும்: பதிப்பியல் நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சங்க இலக்கியத்தைக் கற்பிக்க இன்று இணைய வளங்கள் பல உள்ளன. எளிதில் கிடைத்தல், கட்டணமின்மை, காட்சி அழகு ஆகியவையே அவற்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல்களாகப் பொதுவாகக் கொள்ளப்படுகின்றன. மூலபாடத்தின் பதிப்புப் பின்னணியும் தேடுவசதியின் வரம்புகளும் அவ்வளவுகோல்களுள் முதலிடம் பெறவேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: சங்க இலக்கியம், இணைய வளம், மின்பாடம், பக்கப் படிமம், பாடவேறுபாடு, ஒருங்குறி.

முன்னுரை

1998இல் கு. கல்யாணசுந்தரத்தின் முன்முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்பாடங்களாக்கி உலகெங்கும் கொண்டு சேர்த்தது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம், மூலநூல்களை உரைகளுடன் வழங்குகிறது. அதன் மின்னூலகத்தில் பழைய அச்சுநூல்களின் பக்கப் படிமங்களும் கிடைக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் தேடிப் பார்க்கலாம். நூலகத்தில் ஒரே படியாக இருந்து இரவலுக்கும் கிடைக்காத நூலை இன்று மாணவர் கைப்பேசியில் திறக்கிறார். இவ்வரவின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும், வளம் பெருகியதால் தேர்வு எளிதாகிவிடவில்லை. எந்த வளத்தை எந்தக் கற்பித்தல் நோக்கத்திற்குக் கொள்வது என்பது தொழில்நுட்ப வினாவாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது பதிப்பியல் வினாவே ஆகும்.

பாடமும் பதிப்பும்

சங்க நூல்கள் சுவடிகளிலிருந்து அச்சுக்கு வந்த வரலாறு, பாடத்தை உறுதிசெய்யும் போராட்டத்தின் வரலாறும் ஆகும். கலித்தொகையை 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளையும், பத்துப்பாட்டை 1889இல், புறநானூற்றை 1894இல் உ.வே. சாமிநாதையரும் பதிப்பித்தனர். குறுந்தொகை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் பதிப்பாகவும், 1937இல் உ.வே.சா.வின் பதிப்பாகவும் வெளிவந்தது. உ.வே.சா. பதிப்பில் பாடவேறுபாடுகள் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு சொல்லுக்கு இருவேறு பாடங்கள் இருந்தன என்பதும், அவற்றுள் ஒன்றைப் பதிப்பாசிரியர் ஏற்றார் என்பதும் இக்குறிப்புகளாலேயே மாணவருக்குத் தெரியவருகின்றன.

மூலத்தை மட்டும் தரும் மின்பாடத்தில் இக்குறிப்புகள் இடம்பெறுவதில்லை. அதனால் திரையில் காணும் வடிவமே புலவர் பாடிய ஒரே வடிவம் என்னும் எண்ணம் மாணவரிடம் படிந்துவிடக்கூடும். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பழைய உரை முதல் 266 பாடல்களுக்கே உள்ளது. அதற்குப் பிந்திய பாடல்கள் பல சிதைந்துள்ளன. உரையின்றி, சிதைவுக் குறிகளும் இன்றி ஒரே எழுத்துருவில் 400 எண்களும் வரிசையாக வந்து நிற்கும்போது, பழைய உரையின் துணையுள்ள பகுதிக்கும் பிற்கால உரையாசிரியரின் ஊகத்தைச் சார்ந்த பகுதிக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது.

சந்தி பிரித்த பாடத்திற்கும் இது பொருந்தும். 1950களின் இறுதியில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்புகள் சந்தி பிரித்தும் மலிவு விலையிலும் அமைந்து, பழந்தமிழைப் பலரிடம் கொண்டு சென்றன. தொடக்கநிலை மாணவருக்கு இம்முறை பெருந்துணையாகும். ஆயினும் சந்தி பிரித்தலும் ஒருவகையில் பொருள் கோடலே. ‘வேங்கை’ என்பது தனிமொழியாய் நின்று மரத்தையோ விலங்கையோ குறிக்கும். ‘வேம் கை’ எனப் பிரிந்தால் வேகின்ற கை எனப் பொருள்படும். இத்தகைய சொல்லை நன்னூல் பொதுமொழி என வகுக்கிறது. பிரித்துத் தந்த பாடத்தை மட்டுமே படிக்கும் மாணவருக்கு, அங்கே வேறொரு பொருளுக்கு இடமிருந்தது என்பதே தெரியாமற்போகலாம்.

தேடலின் வரம்புகள்

இணைய வளங்களின் தலையாய சிறப்பாகச் சொல்லப்படுவது தேடுவசதி. சொல்லாட்சி, எண்ணிக்கை, பரவல் ஆகியவற்றை நொடியில் கண்டறியலாம் என்னும் நம்பிக்கை ஆய்வேடுகளிலும் புள்ளிவிவரங்களுக்கு அடிப்படையாகிறது. அகப்பாடல் மரபின் முதன்மைச் சொற்களுள் ஒன்றான ‘அலர்’ என்பதைக் கொண்டு இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கலாம்.

சந்தி பிரிக்காத பாடத்தில் ‘ஊர்’, ‘அலர்’ ஆகிய சொற்கள் புணர்ந்தால் ‘ஊரலர்’ என நிற்கும். உயிரெழுத்தாகிய அகரம் மெய்யுடன் கலந்துவிடுவதால், ‘அலர்’ என்று தேடுவோருக்கு இவ்விடம் அகப்படாது. ‘லர்’ என்று சுருக்கித் தேடினால் மலர், பலர், சிலர் எனத் தொடர்பற்றவையெல்லாம் வந்து குவியும். ஊரார் பழிச்சொல்லைக் குறிக்கும் அலரையும் பூ விரிதலைக் குறிக்கும் அலரையும் எழுத்துகளை மட்டும் ஒப்பிடும் தேடல் வேறுபடுத்துவதில்லை.

அலருக்கு இனமான ‘கௌவை’ வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. ஒருங்குறியில் ஔகாரக் குறி தனி இடம் பெற்றுள்ளது. தட்டச்சின்போது அதற்கு மாற்றாக எகரக் குறியும் ளகரமும் இடப்பட்டால் ‘கெளவை’ என்றாகிறது. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஔவையாரின் பெயரும் இவ்வாறே ‘ஒளவையார்’ என ஒகர ளகரங்களால் எழுதப்படுவதுண்டு. சங்க இலக்கியத்தில் அவர் பெயரில் 59 பாடல்கள் உள்ளன. பெயரைத் தேடி எண்ணும் மாணவர், தட்டச்சு முறைக்கேற்ப வேறுவேறு எண்ணிக்கைகளைப் பெறக்கூடும். திஸ்கி முதலான பழைய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றப்பட்ட பாடங்களிலும் இதுபோன்ற பிழைகளை எதிர்பார்த்துச் சரிபார்ப்பது இன்றியமையாதது. தேடி ‘இல்லை’ என்று வரும் விடை, அச்சொல் நூலில் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

படிமமும் மின்பாடமும்

இக்குறைகளைக் காரணம் காட்டி, பக்கப் படிமங்களையே பயன்படுத்த வேண்டும் என வாதிடுவது பொருந்துமா? படிமம் முகவுரை, அடிக்குறிப்பு, பாடவேறுபாடு ஆகியவற்றை அச்சிட்டவாறே காட்டுகிறது. ஆனால் எழுத்துணரி கொண்டு பாடமாக மாற்றப்படாத படிமத்தில் சொல்லைத் தேட இயலாது. பார்வைக் குறைபாடுடைய மாணவரின் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. கைப்பேசித் தரவை மட்டும் நம்பியுள்ள மாணவருக்குப் பெரிய கோப்பைப் பதிவிறக்குவதும் சுமையாகும். மின்பாடம் சிறியது, செவிவழிக் கற்றலுக்கும் இடம் தருவது. எனவே ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்குவதைவிட, வாசிப்புக்கு மின்பாடம், சரிபார்ப்புக்குப் படிமம் என இரண்டையும் இணைத்துக் கொள்வதே தகும்.

பதிப்புரிமையும் இத்தேர்வைப் பாதிக்கிறது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளில் வெளிவந்த நூலின் உரிமை, அவர் மறைந்த பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. 1942இல் மறைந்த உ.வே.சா.வின் பதிப்புகள் 2003 முதல் பொதுவுடைமையாயின. அண்மைக்கால உரைகள் பலவற்றுக்கு அந்நிலை இல்லை. ஆதலால் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைப்பதே சிறந்த உரை என்றோ, கிடைக்காதது தேவையற்றது என்றோ கொள்ளுதல் பிழையாகும்.

வகுப்பறைக்கான அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், ஒரு வளத்தைப் பரிந்துரைக்குமுன் ஆசிரியர் நான்கு வினாக்களை எழுப்பலாம். பாடம் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பது குறிக்கப்பட்டுள்ளதா? சந்தி பிரித்தது யார், எந்த உரையைத் தழுவி? அறிந்த சொல் ஒன்றைத் தேடும்போது அச்சுநூலிலுள்ள இடங்கள் அனைத்தும் கிடைக்கின்றனவா? பாடல் எண்ணும் அடி எண்ணும் பிறர் சரிபார்க்கத்தக்கவாறு நிலையாக உள்ளனவா?

இவ்வினாக்களை மாணவர் பயிற்சியாகவும் மாற்றலாம். குறுந்தொகைப் பாடல் ஒன்றை உ.வே.சா. பதிப்பின் படிமத்திலும், மின்பாடத்திலும், சந்தி பிரித்த பதிப்பிலும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்துவரச் செய்வதற்கு ஒரு பாடவேளை போதும். பருவத் தேர்வுக்குள் பாடத்திட்டத்தை முடிக்கவேண்டிய நெருக்கடியில் எல்லாப் பாடல்களுக்கும் இது இயலாது. இரண்டொரு பாடல்களுக்குச் செய்தாலே மாணவரின் பார்வை மாறும். முழுமையான வளம் கிடைக்கும்வரை காத்திராமல், குறையுள்ள வளத்தின் குறையையே பாடமாக்குவதற்கும் இப்பயிற்சி வழிசெய்கிறது.

முடிவுரை

சங்க நூல்களின் மின்பாடங்கள் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பில் விளைந்தவை. அவ்வுழைப்புக்குச் செய்யும் மதிப்பு, அவற்றைச் சரிபார்த்துப் பயன்படுத்துவதிலும் கண்ட பிழைகளைத் தொகுப்பாளர்களுக்குத் தெரிவிப்பதிலும் உள்ளது. பதிப்பைக் குறிப்பிடாத பாடத்திலிருந்து பெறும் மேற்கோளும், சோதிக்கப்படாத தேடலிலிருந்து பெறும் எண்ணிக்கையும் ஆய்வேட்டில் ஏறிவிட்டால், அடுத்து வரும் ஆய்வாளர் அவற்றையே சான்றாகக் கொள்வார். வகுப்பறையில் வளத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், அவ்வாய்வுகளின் நம்பகத்தன்மைக்கும் அங்கேயே அடித்தளம் இடுகிறார்.