கொங்கிறீற் தரைக்குச் செய்த கால்கள்

டித்வா புயலுக்குப் பிறகு மலைநாட்டில் ஹெலிகொப்டருக்கு மரியாதை கூடியிருக்கிறது. நியாயமான மரியாதைதான். 2025 நவம்பர் கடைசியில் கண்டியைச் சுற்றிய வீதிகள் மண்சரிவில் அறுந்து கிடந்தன. கொத்மலையில் சிக்கியவர்களை இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஏற்றி வந்தது. அந்த மரியாதையோடு ஒரு வாதமும் ஒட்டிக்கொண்டு வருகிறது: நமது விமானப்படையின் பெல் 212கள் பழையவைதான், ஆனாலும் அவற்றின் கால் உரமானது, எங்கே போட்டாலும் உட்காரும், மலைக்கு அவையே போதும். இதன் முதற்பாதியோடு எனக்குச் சண்டையில்லை. கால் உரமாக இருப்பதால் உள்ளே இருப்பவர் பத்திரம் என்று அங்கிருந்து தாவும் தாவலோடுதான் சண்டை.

சில்லுக்குப் பதிலாக அந்தக் கால்களாக அமைந்த சறுக்குச் சட்டத்துக்கு உரிய புகழை முதலிலேயே கொடுத்துவிடலாம். எடை குறைவு, விலை குறைவு, காற்றுப் போக டயரில்லை, ஒழுக எண்ணெயில்லை. இறங்கிய இடத்தை விட்டு உருண்டும் போகாது. பின்பகுதியில் அகலத் தகடு பூட்டினால் ஈரவயலிலும் ஓரளவு தாங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குணம், அது வளைந்துகொடுப்பது. சட்டங்களை உடலோடு இணைக்கும் இரண்டு குறுக்குக் குழாய்களும் பாரம் வந்ததும் இருபுறமும் விரிகின்றன. மெல்ல இறங்கினால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. பலமாக இறங்கினால் வளைந்தபடியே நின்றுவிடுகின்றன, அந்த வளைவிலேயே அடியின் ஒரு பங்கு தீர்ந்துபோகிறது. பிறகு தொழில்நுட்பவியலாளர் விரிவை அளந்துபார்த்து, எல்லை மீறியிருந்தால் குழாயைக் கழற்றிப் போடுகிறார். ஆக, நல்ல கால் என்பது நேரம் பார்த்துக் கெட்டுப்போகத் தெரிந்த கால். ‘உரம்’ என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்திலேயே பாதியைத் தவறவிடுகிறார்கள். வளையாத கால் அடியை அப்படியே இருக்கைக்கும், இருக்கையிலிருந்து முதுகெலும்புக்கும் அனுப்பிவைக்கும்.

இப்போது அந்தக் கால் எவ்வளவு தீர்க்கும் என்று பார்ப்போம். சிறிய ஹெலிகொப்டர்களுக்கான அமெரிக்க விதி, கால்களை வழக்கமாக 13 அங்குல உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கச் சொல்கிறது. விநாடிக்கு ஏறத்தாழ இரண்டரை மீற்றர் வேகம் அது. மிச்சத் தாங்குசக்தியைப் பார்க்க அதன் ஒன்றரை மடங்கு உயரம், அதாவது அரை மீற்றர். ஏறத்தாழ ஒரு கதிரையின் இருக்கை உயரம்தான். வியட்நாம் யுத்தத்தின் சவப்பெட்டிகளை எண்ணிய பிறகு அமெரிக்க இராணுவம் எழுதிய தரக்குறிப்பு இதைவிட வெகு கடுமையானது: விநாடிக்கு 6.1 மீற்றர் வேகத்தில் விழுந்தாலும் உடற்பகுதி தரையில் படாமல் காலே தாங்க வேண்டும். முழு இயந்திரமும் 12.8 மீற்றர் வேகம் வரை பயணிகளைக் காப்பாற்ற வேண்டும். அந்த இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டரின் வலிய கால்கள் இந்தச் சிந்தனையில் பிறந்தவை.

ஆனால் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 6.1ஐயும் 12.8ஐயும் வர்க்கித்து வகுத்துப் பாருங்கள். இவ்வளவு கண்டிப்பான தரத்திலும் காலின் வேலை நாலில் ஒரு பங்கைத் தொடாது. மீதியை நசுங்கும் அடித்தளமும், கீழே இறங்கிக்கொடுக்கும் இருக்கையும் தீர்க்க வேண்டும். அத்தகைய இருக்கைகளைச் சிவில் விதிகள் கட்டாயமாக்கியது 1989இல்தான், அதுவும் புதிதாக வரையப்படும் வகைகளுக்கு. பெல் 212 அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு மூத்தது.

என் பழைய முறைப்பாடு இதற்கும் அப்பால் இருக்கிறது. இந்த எண்கள் எல்லாம் பரிசோதனைக்கூடத்தின் கெட்டித் தரையில் பிறந்தவை. 2009 டிசம்பரில் நாசாவின் லாங்லி மையம் ஓர் எம்.டி.-500 ஹெலிகொப்டரை 35 அடி உயரத்திலிருந்து போட்டது. வயிற்றின் கீழ் தேன்கூட்டு அமைப்பில் ஒரு மெத்தை. இயந்திரம் பிழைத்தது. அடுத்த மார்ச்சில் மெத்தையைக் கழற்றிவிட்டு அதையே மறுபடி போட்டார்கள், உடைந்தது. அருமையான பாடம்தான். ஆனால் விழுந்தது கொங்கிறீற்றில்.

ஹந்தானையில் கொங்கிறீற் இல்லை. நக்கிள்ஸ் அடிவாரத்திலும், கம்பளைக்கு மேலேயுள்ள தோட்டங்களிலும் கிடைப்பது சரிவு, மழையில் ஊறிய மண், தேயிலைச் செடி, கல் அணை. சரிவில் இறங்கும்போது மேட்டுப்பக்கச் சட்டம் முதலில் படும். இரண்டு பக்கமும் பகிர வேண்டிய அடி ஒரு பக்கத்துக்குப் போகிறது. ஒற்றைச் சட்டத்தில் வரும் பாரத்தையும் விதிகள் கணக்கிடச் சொல்கின்றன, மறைக்கவில்லை. ஆனால் அது சட்டம் முறியுமா என்ற கேள்விக்கான கணக்கு. முறியாமல் நின்ற சட்டம் அச்சாகி, முழு உடலும் அதைச் சுற்றிப் புரளத் தொடங்கினால் என்ன என்பது வேறு கேள்வி. அந்தப் புரளலைக் கண்டு பதறி விமானி மேலே கிளப்பினால், சுழலியின் இழுவையே கவிழ்ப்பை முடித்துவைக்கும். சேற்றில் புதைந்த சட்டமும் இதே வேலையைச் செய்யும். உரமான கால் இங்கே கவிழ்ப்பதற்குப் பிடிமானம் கொடுக்கிறது.

சுழலியையும் மறக்க முடியாது. பெல் 212இன் சுழலி 14.6 மீற்றர் விட்டம். பத்துப் பாகைச் சரிவில் நிமிர்ந்து நிற்கும் இயந்திரத்தின் மேட்டுப்பக்க இறக்கை நுனிக்கு நிலம் ஒரு மீற்றருக்கு மேல் நெருங்கி வந்திருக்கும். அந்த நுனி மண்ணைத் தொட்ட கணத்திலிருந்து காலின் தரத்தைப் பற்றிப் பேச எதுவுமில்லை.

சில்லு வைத்தால் தீர்ந்துவிடும் என்கிறவர்களும் உண்டு. எம்.ஐ.-17ஐக் காட்டுவார்கள். எண்ணெயும் வாயுவும் நிரப்பிய தண்டுகள் நல்ல தரையில் அடியை இன்னும் நேர்த்தியாக வாங்கும், உண்மை. ஊறிய வயலில் சில்லின் சிறிய பரப்பு இன்னும் ஆழமாகப் புதையும். அசையும் பாகம் கூடக் கூடப் பராமரிப்பும் கூடும். அந்த விவாதத்தை நான் நீட்டவில்லை. இரண்டு தரப்பும் ஒரே கெட்டித் தரையில் நின்றுதான் வாதாடுகின்றன.

தண்ணீர் இன்னும் மோசம். மகாவலியை அணைகட்டித் தேக்கிய நாடு இது: பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல. கண்டியிலிருந்து கிழக்கே பறக்கும் எந்த ஹெலிகொப்டரும் நீர்ப்பரப்பின் மேல் போகாமல் எளிதில் தப்ப முடியாது. 2025 மே 9ஆம் திகதி ஒரு பெல் 212 மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்து ஆறு பேர் இறந்தனர். நவம்பர் 30ஆம் திகதி நிவாரணப் பணியில் இருந்த மற்றொன்று லுணுவிலவில் ஜின் ஓயாவில் விழுந்து விமானி இறந்தார். விபத்துகளின் காரணம் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. சொல்வது இவ்வளவே: இரண்டும் நீரில் முடிந்தன. நீரில் சட்டம் விரிவதற்குக் கீழே உறுதியான பிடிமானமில்லை. அது நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது, அடியை வயிற்றுத் தகடு வாங்குகிறது. எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் உச்சியில் இருப்பதால் உடல் தலைகீழாகிறது. அதன்பின் உயிரைத் தீர்மானிப்பவை மிதவைப்பைகள், திறக்கும் சன்னல்கள், இருட்டில் கைதொட்டு வெளியேறப் பழகிய பயிற்சி.

ஆகவே புதிய இயந்திரம் வாங்கும்போது காலின் எண்ணைக் கேட்பவர்கள் கூடவே மூன்றையாவது கேட்கட்டும்: எத்தனை பாகைச் சரிவில் அந்த எண் செல்லும், இருக்கை எவ்வளவு கீழே இறங்கிக்கொடுக்கும், நீரில் எத்தனை நிமிடம் மிதக்கும். ஒவ்வொரு கடின இறக்கத்துக்குப் பிறகும் அளக்கப்படும் குழாய் விரிவுகளை, எந்தப் பக்கம் அதிகம், எந்த மைதானத்தில் என்ற விவரத்தோடு ஒரே இடத்தில் சேர்க்கட்டும். மலையில் இறங்கும் கால் உண்மையில் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை லாங்லியின் கொங்கிறீற்றைவிட அந்தப் பதிவேடு நன்றாகச் சொல்லும்.