எழுதுகோல் எறிபடையா?

குழந்தைகள் தொலைக்காட்சியின் கதைமாந்தரைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடுவதில்லை; தாமும் அவராகிவிட விழைகின்றனர். 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய ஆய்வில், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிக்கக் கண்ட சிறார் பலர் தாமும் அவ்வாறே அடித்தனர். 1963இல் அதனைத் திரையில் காட்டியபோதும் விளைவு அதுவே. பின்பற்றப்படுபவரை அரபியில் ‘குத்வா’ என்போம். திரையும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குத்வாவைத் தந்துவிடுகிறது.

இந்நோக்கில் ‘புர்கா அவெஞ்சர்’ என்னும் பாகிஸ்தானியச் சித்திரத் தொடர் ஆராயத் தக்கது. பாடகர் ஹாரூன் உருவாக்கிய இத்தொடர் 2013 ஜூலையில் உருது மொழியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாயகி ஜியா, ஹல்வாப்பூர் என்னும் கற்பனை ஊரின் பெண்கள் பள்ளி ஆசிரியை. அப்பள்ளியை மூடத் துடிக்கும் பாபா பந்தூக் முதலிய கொடியோரை அவள் புர்காவுக்குள் மறைந்து நின்று எதிர்க்கிறாள். நூல்களும் எழுதுகோல்களுமே அவளுடைய படைக்கலங்கள். பெண்கள் பள்ளிகள் தகர்க்கப்பட்ட, 2012இல் மாணவி மலாலா சுடப்பட்ட நாட்டில் இப்படியொரு கதை பிறந்ததை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

புர்கா அடிமைத்தனத்தின் சின்னம் என்று சொல்லி அந்நாட்டிலேயே சிலர் இத்தொடரைக் குறை கூறினர். நமது தடை வேறு. வகுப்பறையில் ஜியா புர்கா அணிவதில்லை. போரிடும் வேளையில் மட்டுமே அணிகிறாள். ஹயாவின் ஆடை இங்கே மாறுவேடமாகிவிடுகிறது. இதைக் காணும் சிறுமி, ‘அணிந்தால் வீராங்கனை, களைந்தால் வெறும் பெண்’ என்று தன்னையே எடைபோடக் கூடுமன்றோ?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. திருமறையில் முதலில் அருளப்பெற்ற வசனங்கள் ஓதுதலையும், எழுதுகோலால் கற்பித்தலையும் பேசுகின்றன. இத்தொடரிலோ எழுதுகோல் எறிபடையாகப் பறக்கிறது. வீசப்பட்ட எழுதுகோலுக்கும் கல்லுக்கும் என்ன வேற்றுமை? பாபா பந்தூக் அஞ்ச வேண்டியது கரும்பலகையின் முன் நிற்கும் ஜியாவையே. ஆயினும் தொடரின் பெயரோ பழி தீர்ப்பவளைக் குறிக்கிறது. ஆசிரியைக்கு அதில் இடமில்லை. குழந்தை எந்த ஜியாவை விளையாட்டில் நடித்துக் காட்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆதலால் தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. பெற்றோர் உடனமர்ந்து காணட்டும். முடிந்ததும் மகளிடம், “இன்று ஜியா வகுப்பில் என்ன கற்பித்தாள்?” என்று கேட்கட்டும். அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை, ஆசிரியையையும் கண்டுகொண்ட பிள்ளை.