கடற்படைக் கையின் ஒயரிங்

பெங்களூரு வைட்ஃபீல்ட் இன்னர் சர்க்கிள் பக்கத்து ஓட்டு வீட்டின் மெயின் போர்டைத் திறந்தாலே அது ஒரு முன்னாள் கடற்படைக்காரரின் கைவேலை என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு ஒயரிலும் எண் கட்டியிருக்கும். வளைவெல்லாம் ஒரே அளவில் திரும்பும். திருகை முறுக்கி, ஒயரை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே மூடி போடுவார். காரணம், கப்பலில் இன்ஜின் அதிர்வு ஓயாது. தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடு தீயாகும், நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. ஜாம்நகர் ஐ.என்.எஸ். வல்சுராவில் பழகிய கை அது. வல்சுரா 1942-ல் டார்பிடோ பயிற்சிக்கென்று தொடங்கப்பட்டு, இன்று கடற்படை மின்பிரிவினர் தொழில் கற்கும் இடம்.

கடற்படையில் ஓய்வுபெற்று எலக்ட்ரீஷியன் ஆன இந்த அண்ணன், கூலிக் கணக்கில் மட்டும் வீக். தனியாக இருக்கும் ஆங்கிலோ இந்தியப் பாட்டியிடம் (1882-ல் ஆங்கிலோ இந்தியர்களுக்கென்றே உருவான ஊர்தானே வைட்ஃபீல்ட்) ஹோல்டருக்கு மட்டும் காசு வாங்குவார். பாட்டி விடுவாரா? கேக்கைப் பொட்டலம் கட்டித் திணிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்கமாட்டார். பிள்ளைகள் வளரும்போது கடலில் இருந்தவர். இப்போது அந்த நாள் பேத்திக்கு.

அடுக்ககங்களில் அரைகுறை வேலையைப் பார்த்தால்தான் கோபம் வரும். "மூடிட்டா ஆச்சாப்பா? டேப்பைப் பிரி, முதல்ல இருந்து வா." உதவிக்கு வந்த பையன் முனகிக்கொண்டே பிரிப்பான்.