யாரும் சாகாத கதை ஒன்று வேண்டும்

நண்பரின் மகன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். 26 வயசு. சின்னப் பையனாக இருந்தபோது என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு ஹாரன் அடித்தவன். காபியை ஆற விட்டுவிட்டு, ''அங்கிள், ஒரு புக் சொல்லுங்க. அம்மாவுக்குக் கொடுக்கணும்'' என்றான்.

விஷயம் இதுதான். அவனும் இன்னொரு பையனும் 3 வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ரூம் மேட் இல்லை. நீங்கள் நினைப்பது சரிதான். அம்மாவிடம் சொல்ல வேண்டும். அந்த அம்மா வாரப் பத்திரிகை முதல் லெண்டிங் லைப்ரரி நாவல் வரை விடாமல் படிக்கிறவர். இங்கிலீஷ் வராது. நான் பேசுவதற்கு முன்னால் ஒரு கதை போய்ப் பேசட்டுமே என்று நினைக்கிறான். ''ஒரே கண்டிஷன் அங்கிள்... கடைசியில யாரும் சாகக் கூடாது.''

சுலபமான வேலை என்று அலமாரியைத் திறந்தேன். இரண்டு நாள் போயிற்று.

முதலில் கையில் கிடைத்தது கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்'. 1978-ல் வந்தது. ஆணுக்கு ஆண் மேல் வரும் இச்சையை அதற்கு முன் தமிழில் அத்தனை துணிச்சலாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. பெரிய எழுத்து, சந்தேகமே இல்லை. ஆனால், கணேசன் தொழுநோயோடு அல்லவா கும்பகோணம் திரும்புகிறான்? தவிர, சிறு வயதில் அவனுக்கு நடந்தது காதலே இல்லை. ஆதரவில்லாத பையனைப் பணக்காரப் பெரிய மனுஷன் ஒருவன் பயன்படுத்திக்கொண்டது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைப்பதுதானே நம் ஊரின் பழைய வியாதி? இதை எப்படி ஒரு அம்மாவிடம் கொடுப்பது?

ஆண்-பெண் கதைகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'மோகமுள்'ளில் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட தங்கம்மா, பாபுவிடம் மனசைக் கொடுத்துவிட்டு உயிரை விடுகிறாள். 'அம்மா வந்தாள்' (1966) அலங்காரம் காசிக்குப் போகிறாள். தி.ஜானகிராமனாவது அவளைத் திட்டாமல், கம்பீரம் குறையாமல் அனுப்பி வைத்தார். மற்றவர்களிடம் அதுகூட இல்லை.

நான் பி.காம். படித்தவன். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தே தீர வேண்டும் என்பது எங்கள் பாலபாடம். நம் கதாசிரியர்கள் எங்கள் புரொபசரைவிடக் கறார். இடது பக்கம் ஒரு ராத்திரி சந்தோஷம் எழுதினால், வலது பக்கம் கிணறு, டி.பி., பைத்தியம், காசி என்று எதையாவது எழுதிக் கணக்கை டாலி பண்ணிவிடுவார்கள். முறைப்படி தாலி கட்டிப் பெண்டாட்டியை அடிக்கிறவன் கணக்கை மட்டும் யாரும் ஆடிட் செய்வதில்லை.

எழுத்தாளர்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. 1966-ல் ஜெயகாந்தன் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினார். மழை நாளில் காரில் ஏறி மோசம் போன பெண்ணை, அம்மாக்காரி தலையில் தண்ணீரைக் கொட்டி, உன் மேல் அழுக்கில்லை என்று சேர்த்துக்கொள்கிறாள். வாசகர்கள் குதித்த குதி கொஞ்சமா? அந்த அம்மா ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலையே அவர் எழுத வேண்டிவந்தது. ஒரு குடம் தண்ணீரோடு அவளை விட்டுவிட நமக்கு மனசு வரவில்லை! 2010-ல் வந்த 'மாதொருபாகன்' 4 வருஷம் கழித்துப் பட்ட பாடும் உங்களுக்குத் தெரியும். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பெருமாள்முருகன் மறுபடி புத்தகம் வெளியிட்டார்.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சப்-எடிட்டராக இருந்த காலத்தில் 'கள்ளக்காதல்', 'விபரீத உறவு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு போட்டவன் நான். அதில் என்ன விபரீதம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சட்டம் நம்மைவிட வேகமாக நடக்கிறது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்தால் குற்றமில்லை என்று 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. (2023-ல் கல்யாண உரிமை தர மறுத்ததும் அதே கோர்ட்தான்.) இவர்களை மரியாதையாக எப்படிக் குறிப்பிடுவது என்று 2022-ல் தமிழக அரசு ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. வார்த்தை வந்துவிட்டது. கதை?

இப்போது எழுதுகிறவர்கள் சிலரிடம் வேறு தொந்தரவு. தண்டனை போய்ப் பிரசங்கம் வந்திருக்கிறது. இல்லாவிட்டால் மூணு பக்கத்துக்கு ஒரு படுக்கையறை. இரண்டு பேர் சேர்ந்து வாழ்கிறார்கள் என்றால் கரன்ட் பில் யார் கட்டுவது, ஜுரம் வந்தால் யார் கஞ்சி வைப்பது, ஹவுஸ் ஓனரிடம் என்ன பொய் சொல்வது... இதெல்லாம்தானே வாழ்க்கை? ராத்திரி 10 மணியிலிருந்து 11 வரைதான் உறவு என்று இவர்களுக்கு யார் சொன்னது?

கடைசியில் லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா'வை (2007) எடுத்துக் கொடுத்தேன். நாவல் இல்லை; திருநங்கை ஒருவரின் சுயசரிதை. ''இது உன் கதை இல்லைடா, வேற விஷயம்'' என்று சொல்லித்தான் கொடுத்தேன். ஆனால் அதில் வேலை தேடுவது இருக்கிறது. ரயிலில் கை நீட்டியது இருக்கிறது. அப்பாவின் கோபம் இருக்கிறது. கடைசிப் பக்கத்துத் தண்டனை மட்டும் இல்லை.

நேற்று போன் பண்ணினான். அம்மா பாதி படித்திருக்கிறாராம். புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: ''ஏன்டா, இந்தப் பொண்ணு இப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றா?''

இந்தக் கேள்வியைக் கேட்கவைக்கிற நாவல் ஏதாவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவன் இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. காத்திருக்கிறான்.